புனுகுச் சிமிழுக்குள் ஒரு வளையம்

திருகோணமலையின் அன்புவழிபுரத்தில் என் வீட்டு முற்றத்தில், தகரக் கூரைக்குக் கீழே, உயர்தரப் பிள்ளைகளுக்குச் சேதன இரசாயனம் சொல்லிக்கொடுக்கிறேன். போன பங்குனியில் ஒரு மாலை, அப்பம்மாவின் பெட்டியில் கிடந்த பித்தளைச் சிமிழ் ஒன்றை வகுப்புக்கு எடுத்துவந்தேன். அடியில் மண்ணிறமாய் ஒட்டிக் கிடந்தது கொஞ்சம் புனுகு. முன்வரிசைப் பிள்ளை ஒருத்தியிடம் மூடியைத் திறந்து நீட்டினேன். அவள் முகத்தைச் சுளித்துத் தலையைப் பின்னுக்கு இழுத்தாள். "சேர், மாட்டுக்கொட்டில் மணக்குது." ஈர்க்கு நுனியால் கடுகில் பாதியளவு கிள்ளி, ஒரு கரண்டி தேங்காயெண்ணெயில் கரைத்தேன். அந்த எண்ணெயில் ஒரு சொட்டைக் கடதாசியில் தொட்டு, காற்றில் கொஞ்சநேரம் விட்டு, திரும்ப அவளிடமே கொடுத்தேன். இந்தமுறை கடதாசியை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. "கோயில் மணம்" என்றாள்.

செறிவாக இருந்தால் நாற்றம், ஐதானால் நறுமணம். அந்த மணத்தைத் தரும் மூலக்கூறை ஆய்வுகூடத்தில் செய்வதற்கும் இதே ஐதாக்கம்தான் திறப்பு. பெரிய வளைய மூலக்கூறுகளைப் பற்றி என்னிடம் வரும் பிள்ளைகள் சுமந்துவரும் தவறான எண்ணங்கள் பல. சில வீட்டில் கேட்டவை, சில பாடக்குறிப்பில் படித்தவை. அவற்றை ஒவ்வொன்றாய் எடுத்து இங்கே எழுதுகிறேன்.

முதலாவது புனுகைப் பற்றியது. "அது பூனையின் கழிவு" என்று எங்கள் பக்கத்தில் பலர் நம்புகிறார்கள். இரவில் கூரையில் ஓடும் மரநாயையும், அது தின்று கழித்த கோப்பிக் கொட்டையை விலைக்கு விற்கும் செய்தியையும் புனுகோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டதால் வந்த எண்ணம் இது. புனுகு கழிவும் இல்லை, வியர்வையும் இல்லை. புனுகுப் பூனையின் வாலடியில், மலவாயிலுக்குப் பக்கத்தில் உள்ள சுரப்பிப் பையில் ஊறும் களிம்பு அது. தன் எல்லையைக் குறிக்க அந்த விலங்கு அதை மரத்திலும் கல்லிலும் தேய்க்கும். புதிதாக எடுத்தால் வெண்ணெய்போல் இளமஞ்சளாக இருக்கும். நாள்பட நாள்பட மண்ணிறமாகும். எதியோப்பியாவில் பூனைகளைக் கூட்டில் அடைத்து, கரண்டியால் வழித்தெடுத்து, மாட்டுக்கொம்பில் அடைத்து ஏற்றுமதி செய்துவந்தார்கள். அந்தக் கூடுகளின் கொடுமையை அறிந்தவர்கள், ஆய்வுகூடத்தில் செய்த மணத்தை இளக்காரமாகப் பேசமாட்டார்கள்.

தமிழருக்கு இந்த மணம் புதிதல்ல. திருவொற்றியூரில் கவசம் மூடிய ஆதிபுரீசுவரருக்குக் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் களைந்து, புனுகும் சாம்பிராணியும் சேர்ந்த தைலம் சாத்துகிறார்கள். மயிலாடுதுறையில் ஒரு கோயிலில் இறைவனுக்குப் பெயரே புனுகீசுவரர். சவ்வாது என்ற நம் சொல்லும் புனுகைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழியில் வந்ததுதான். இத்தனை காலம் நம்மோடு இருந்த பொருளின் உள்ளே என்ன உருவம் இருக்கிறது என்பது 1926இல்தான் தெரியவந்தது. சுவிட்சர்லாந்தில் வேலைசெய்த லியோபோல்ட் ருசிக்கா கண்டுபிடித்துச் சொன்னார்: புனுகின் மணப்பொருள் 17 காபன்கள் கைகோத்து நிற்கும் ஒரே வளையம். ஓரிடத்தில் கீற்றோன் கூட்டம், எதிர்ப்பக்கத்தில் ஒரு இரட்டைப் பிணைப்பு. மான் கஸ்தூரியின் மணப்பொருளும் அதே குடும்பம், 15 காபன் வளையம், ஒரு மெதைல் கிளையோடு. முன்னதற்கு சிவெற்றோன், பின்னதற்கு மஸ்கோன் என்று பெயர். மஸ்கோனை வால்பாம் 1906இலும் சிவெற்றோனைச் சாக் 1915இலும் பிரித்தெடுத்துவிட்டார்கள். ஆனாலும் உருவத்தைச் சொல்ல ஆளில்லாமல் பல ஆண்டுகள் போயின.

ஏன் அவ்வளவு காலம்? அப்போதைய வேதியியலாளர் மனத்தில் இருந்த ஒரு நம்பிக்கைதான் காரணம். அதே நம்பிக்கையைத்தான் சென்ற ஆண்டு என் மாணவன் ஒருவனின் கைக்குறிப்பிலும் கண்டேன்: "ஆறு காபனுக்கு மேற்பட்ட வளையங்கள் உறுதியற்றவை."

இதன் வேர் 1885இல் அடொல்ஃப் பையர் சொன்ன இழுவிசைக் கொள்கை. காபனின் பிணைப்புகளுக்கிடையே இயல்பான கோணம் 109.5 பாகை. ஐங்கோணத்தின் உட்கோணம் 108, அறுகோணத்தின் உட்கோணம் 120. அதற்குமேல் போகப் போகக் கோணம் விரிந்துகொண்டே போகும். 17 பக்கம் என்றால் கிட்டத்தட்ட 159 பாகை. அவ்வளவு விரித்தால் வளையம் தெறித்துவிடும் என்பது கணக்கு. கேத்திரகணிதத்தில் பிழையே இல்லை. பிழை அதற்கு முந்திய எடுகோளில் இருந்தது: வளையம் தட்டையாக இருக்கும் என்று பையர் எடுத்துக்கொண்டார். 1890இலேயே சாக்சே என்பவர், வளையம் மடங்கி மேலும் கீழும் வளைந்து நிற்கலாம், அப்படியானால் இழுவிசையே இராது என்று எழுதினார். யாரும் காதுகொடுக்கவில்லை. 1918இல் மோர் அதை மீண்டும் எடுத்துச் சொன்ன பிறகுதான் கவனித்தார்கள். பையரின் பெயருக்கு இருந்த கனம் ஒரு சரியான கருத்தை ஏறக்குறைய 30 ஆண்டு அமுக்கிவைத்தது. எனக்கு இன்றைக்கும் மனவருத்தம் தருகிற கதை இது.

கழற்றிய சைக்கிள் செயினை மேசையில் போட்டுப் பாருங்கள். அது வட்டமாகவா கிடக்கிறது? மடிந்து, நெளிந்து, தனக்கு வசதியான கிடையில் கிடக்கும். 17 காபன் வளையமும் அப்படித்தான். மூன்று காபன் வளையத்தில் ஒரு மூலுக்கு ஏறத்தாழ 115 கிலோயூல் இழுவிசை உண்டு. ஆறில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. 15இல் 8 கிலோயூல் மட்டில்தான். உண்மையில் அவதிப்படுவது நடுத்தர வளையங்கள். 8 முதல் 11 காபன் வரையான வளையங்களில், எதிரெதிர்ப் பக்கத்து ஐதரசன்கள் உள்ளே திரும்பி ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். 9, 10 காபன் வளையங்களின் இழுவிசை 50 கிலோயூலைத் தாண்டும். "பெரிதாகப் பெரிதாகக் கடினம்" என்பதும் அதனால் சரியில்லை. கடினம் நடுவில் ஏறி, பிறகு இறங்கிவிடுகிறது.

அப்படியானால் பெரிய வளையத்தைச் செய்வதில் தடை எங்கே? வளையத்தின் உறுதியில் இல்லை. இரண்டு நுனிகளும் சந்திக்க வேண்டும், அங்கேதான் தடை.

இதை விளங்கவைக்கப் பிள்ளைகளை எழுப்பினேன். ஐந்தைந்து பேராக மூன்று சங்கிலி. கொட்டிலுக்குள்ளேயே கண்ணை மூடிக்கொண்டு, நுனியில் நிற்பவர்கள் கையை நீட்டித் தேட வேண்டும், கிடைத்த முதல் கையைப் பிடித்தால் விடக்கூடாது. வாங்குகளுக்கிடையே தடவித் தடவி, பார்த்தால் 15 பேரும் ஒரே நீளச் சங்கிலியாகக் கோணல்மாணலாய் நின்றார்கள். பிறகு ஒரு சங்கிலியை மட்டும் பக்கத்து வெறுங்காணிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மற்ற இரண்டையும் கொட்டிலிலேயே இருக்கச் சொல்லிவிட்டேன். மணலில் அந்த ஐவரும் கண்ணை மூடி நடந்தார்கள். பிடிப்பதற்கு அங்கே வேறு கை ஒன்றுமே இல்லை. கொஞ்சம் நேரமெடுத்தது. கடைசியில் நுனிக்கு நுனி கிடைத்தது, வளையம் மூடியது.

"தாக்கம் நடக்கச் செறிவைக் கூட்டு" என்று பாடத்தில் படித்த பிள்ளைக்கு இது தலைகீழாகத் தெரியும். பெரும்பாலான தாக்கங்களுக்கு அந்தப் பாடம் சரி. வளையத்துக்கு மட்டும் சரியில்லை. ஒரு சங்கிலி தன் நுனியையே பிடிப்பது முதலாம் வரிசைத் தாக்கம். இரண்டு சங்கிலிகள் ஒன்றையொன்று பிடிப்பது இரண்டாம் வரிசை. செறிவைப் பத்திலொன்றாகக் குறைத்தால் முதலாவதன் வேகம் பத்திலொன்றாகும். இரண்டாவதன் வேகமோ நூறிலொன்றாகிவிடும். ஆகவே வளையத்துக்கு வாய்ப்புப் பத்து மடங்கு கூடும். 1912இல் பவுல் ருக்லி இந்த வழியைக் காட்டினார். 1933இல் கார்ல் சீக்ளர் அதை ஒரு முறையாகவே நிறுவினார். நிறையக் கரைப்பானைக் கலக்கிக்கொண்டு, இரு நுனியிலும் நைத்திரைல் கூட்டம் கொண்ட சங்கிலியை அதற்குள் மிக மெதுவாக, சேலைன் ஏற்றுவதுபோலச் சொட்டுச் சொட்டாக விட்டார். விழுந்த சொட்டு வளையமாகி முடிந்த பிறகுதான் அடுத்த சொட்டு. எந்த நேரத்திலும் பாத்திரத்தில் திறந்த நுனிகள் மிகக் குறைவாகவே இருக்கும். இதே சீக்ளர்தான் பிற்காலத்தில் பொலித்தீன் செய்யும் ஊக்கியைக் கண்டு 1963இல் நோபல் பரிசு பெற்றவர். முடிவில்லாமல் நீளும் சங்கிலியையும் தன்னோடு தானே மூடும் வளையத்தையும் ஒரே மனிதர் நன்றாக அறிந்திருந்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஐதாக்கத்துக்கு விலை உண்டு. ஒரு லீற்றருக்கு ஆயிரத்திலொரு மூல் என்ற செறிவில் 15 காபன் வளையக் கீற்றோன் ஒரு மூல், அதாவது 224 கிராம், செய்வதென்றால் 1000 லீற்றர் கரைப்பான் வேண்டும். ஒரு தண்ணீர்த் தாங்கி நிறையக் கரைப்பானுக்கு ஒரு சிறங்கை விளைபொருள். ஆகையால் வேதியியலாளர் வேறு வழிகளும் தேடினார்கள். ருசிக்கா முன்பு செய்தது 16 காபன் கொண்ட இருகாபொட்சிலிக் அமிலத்தின் தோரிய உப்பைச் சூடாக்குவது. காபனீரொட்சைட்டு கழன்று 15 காபன் வளையம் வரும். ஆனால் நூற்றுக்குச் சில பங்குதான் கிடைத்தது. 1947இல் சூரிச்சில் பிரெலொக்கும் ஜெனீவாவில் ஸ்டோலும் ஒருவரோடொருவர் சேராமலே இன்னொரு வழிக்கு வந்து சேர்ந்தார்கள். கொதிக்கும் சைலீனில் சோடியம் உருகி மணிமணியாக மிதக்கும். சங்கிலியின் இரு எசுத்தர் நுனிகளும் அந்த உலோகப் பரப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். பரப்பில் ஊர்ந்து ஒன்றையொன்று சந்தித்துக்கொள்ளும். அவ்வளவு கடுமையான ஐதாக்கம் இல்லாமலே நல்ல விளைவு கிடைத்தது. சோடியம் 98 பாகையில் உருகும், சைலீன் 140 பாகையை ஒட்டிக் கொதிக்கும் என்பதைப் பிள்ளைகளிடம் கேட்டால் சொல்வார்கள். அந்த இரண்டு எண்களும் எதற்குப் பயன்படும் என்று அவர்களுக்கு யாரும் காட்டியதில்லை.

அடுத்த எண்ணம்: "நுனிகளைப் பலவந்தமாக இழுத்துச் சேர்க்கவேண்டும்." இல்லை. நடுவில் பிடித்துவைக்க ஒன்று இருந்தால் நுனிகள் தாமாகவே வரும்.

கொரியாவின் புசானில் நோர்வேத் தந்தைக்கும் யப்பானியத் தாய்க்கும் பிறந்த சார்ள்ஸ் பெடர்சன், அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலை ஆய்வுகூடத்தில் வேறு எதையோ செய்துகொண்டிருந்தார். அடியில் வெள்ளையாக ஒரு மாசு, நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லை. கொட்டிவிடாமல் அதை ஆராய்ந்தார். ஆறு ஒட்சிசன்கள் உள்நோக்கி நிற்கும் 18 உறுப்பு வளையம் அது. பொற்றாசியம் அயன் அதன் நடுவில் முடியில் பதித்த கல்லைப்போல் உட்கார்ந்தது. வளையத்தின் மாதிரியுருவே முடிபோல் இருந்ததால் முடி ஈதர் என்று பெயர் வைத்தார். வளையம் உருவாகும்போது, கலவையில் இருந்த சோடியம் அயன் சங்கிலியைத் தன்னைச் சுற்றி வளைத்துவைக்கும் அச்சாக இருந்தது. பிறகு நேரடியாகச் செய்தபோது நூற்றுக்கு 45 பங்கு கிடைத்தது. 1967இல் வெளியிட்டார், 1987இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அவரிடம் கலாநிதிப் பட்டம் இருக்கவில்லை.

அச்சு முறையின் மிகப் பெரிய சாட்சி எங்கள் கடற்கரையிலேயே நிற்கிறது. திருகோணமலைக் குடாவில் கரையேற்றிய வள்ளங்களின் நீலப் பூச்சைப் பார்த்திருப்பீர்கள். அந்த நீலங்களில் பெரும்பாலானது செப்புத் தலோசயனின் என்ற வளையச் சேர்வை. காபனும் நைதரசனும் மாறிமாறி நிற்கும் 16 உறுப்பு உள்வளையம், நடுவில் ஒரு செப்பு. 1928இல் ஸ்கொட்லாந்தின் கிரேஞ்ச்மவுத்தில் ஒரு சாயத் தொழிற்சாலையில், கண்ணாடி பூசிய இரும்புப் பாத்திரத்தில் பூச்சு வெடித்து இரும்பு வெளியே தெரிந்தது. அந்த இடத்தில் யாரும் எதிர்பாராத நீலப் பொருள் ஒன்று படிந்தது. இரும்பைச் சுற்றி நான்கு துண்டுகள் தாமாகவே கூடி வளையமாகிவிட்டன. 1934இல் லிண்ஸ்ரெட் அதன் உருவத்தைச் சொன்னார். அடுத்த ஆண்டு இரும்புக்குப் பதில் செப்பு வைத்த நீலம் சந்தைக்கு வந்தது. இன்று குஜராத்தின் தொழிற்சாலைகளில் தொன் கணக்கில் செய்கிறார்கள். உப்பிலும் வெயிலிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்தும் வெளுக்காத அந்த நீலத்தைப் பார்த்தபிறகும் பெரிய வளையம் உறுதியற்றது என்று எந்தப் பிள்ளை எழுதும்?

நம் பச்சை இலையின் பச்சையமும் குருதியின் ஹீமும்கூட இதே 16 உறுப்பு உள்வளையக் குடும்பம்தான், நடுவில் மக்னீசியமும் இரும்பும். பெருவளையங்களைச் செய்யும் வேலை நம் அயலிலும் நடந்தது: தமிழ்நாட்டில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேதன வேதியியல் துறையில் பேராசிரியர் பி. ராஜகுமாரும் அவரது மாணவர்களும் பென்சீன் வளையங்களைப் பாலங்களால் கோத்துப் பெருவளையமாக்கும் சைக்கிளோபேன்களை நெடுங்காலம் செய்திருக்கிறார்கள். அங்கேயும் ஐதாக்கம்தான் கைகொடுத்த முறை.

"வளையம் என்றால் நுனிகளைச் சேர்த்துத்தான் செய்யவேண்டும்" என்பதும் பாதி உண்மைதான். இருக்கும் வளையத்தைப் பெருப்பிக்கவும் முடியும். மருந்தகத்தில் மூன்று நாளைக்கென்று வாங்கும் அசித்ரோமைசின் அப்படி வந்தது. அதற்கு முந்திய மருந்தான எரித்ரோமைசினில் 14 உறுப்பு வளையம். 1980இல் சாக்ரெப் நகரின் பிளிவா நிறுவனத்து வேதியியலாளர் அதன் கீற்றோனை ஒட்சைமாக்கி, பெக்மன் மறுசீராக்கத்தால் ஒரு நைதரசனை வளையத்துக்குள் நுழைத்தார்கள். பிறகு ஒடுக்கி ஒரு மெதைலும் சேர்க்க, 15 உறுப்பு வளையமுள்ள புதிய மருந்து பிறந்தது. வயிற்று அமிலத்தை எரித்ரோமைசினைவிட நன்றாகத் தாங்குகிறது, உடம்பில் நெடுநேரம் நிற்கிறது. வளையம் திறப்பதும் பயன்தான்: எங்கள் மீனவர் வலையின் நைலோன் 6, ஏழு உறுப்பு வளையமொன்று திறந்து நூலாய் நீண்டது.

எரித்ரோமைசின் வளையத்தை மனிதர் செய்து முடிக்க எவ்வளவு பட்டார்கள் தெரியுமா? ரொபேட் வூட்வேட் தொடங்கிய வேலையில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உழைத்தார்கள். 1979இல் அவர் மறைந்த பின், 1981இல்தான் கட்டுரைகள் வெளிவந்தன. சங்கிலி நேராக இருக்கையில் நுனிகள் மூட மறுத்தன. அங்கங்கே தற்காலிகப் பூட்டுப் போட்டு, சங்கிலியை முன்கூட்டியே வளைந்த கிடைக்குக் கொண்டுவந்த பிறகுதான் மூடியது. மண்ணில் வாழும் ஒரு பற்றீரியாவோ இதை நாள்தோறும் செய்கிறது. அதன் நொதியத்தில் ஒரே ஒரு சங்கிலிக்கு மட்டும் இடமுள்ள அறை இருக்கிறது. வேறு நுனி உள்ளே வரமுடியாது. நாங்கள் வெறுங்காணிக்குப் போய்ச் செய்ததை அது ஓர் அறைக்குள் செய்கிறது. மருந்தாக நாம் வாங்கும் எரித்ரோமைசின் இன்றும் அந்தப் பற்றீரியாவை வளர்த்தே எடுக்கப்படுகிறது. "மருந்து எல்லாம் இரசாயனத் தொழிற்சாலையில் பூச்சியத்திலிருந்து செய்வது" என்பவர்களுக்கு இதைச் சொல்வேன்.

இப்போது கிரப்ஸ் ஊக்கி இருக்கிறது. இரு நுனியிலும் இரட்டைப் பிணைப்பு வைத்தால், கோலாட்டத்தில் சோடி மாறுவதுபோல் காபன்கள் சோடி மாறி, நுனியிலிருந்த இரண்டு காபன்கள் எதிலீன் வாயுவாய்ப் பறந்துபோக, மிஞ்சியது வளையமாகும். ஷோவான், கிரப்ஸ், ஷ்ரொக் மூவரும் 2005இல் நோபல் பெற்றது இதற்கே. இத்தோடு எல்லாம் தீர்ந்தது என்று நினைக்கக்கூடாது. இங்கும் கரைசல் ஐதாக இருந்தால்தான் நல்லது. இரட்டைப் பிணைப்பு எந்தப் பக்கம் வளைந்து நிற்கும் என்பதும் நம் கையில் முழுதாய் இல்லை. புனுகின் சிவெற்றோனுக்கு அது ஒரே பக்க வளைவாய், சிஸ்ஸாக இருக்கவேண்டும்.

கடைசியாக, வீட்டில் அம்மாமார் கேட்பது: "செயற்கைக் கஸ்தூரி நஞ்சுதானே?" இடக்கை வலக்கைபோல் வரும் இரு வடிவங்களில் சரியானதாக ஆய்வுகூடத்தில் செய்த மஸ்கோனும் மானின் மஸ்கோனும் அணுவுக்கணு ஒன்றுதான். ஆனால் மலிவான அத்தர்ப் போத்தலில் கஸ்தூரி என்று எழுதியிருப்பதில் பெரும்பாலும் இந்த வளையமே இராது. 1888இல் பவுர் தற்செயலாய்க் கண்ட நைத்திரோக் கஸ்தூரிகள் வெடிமருந்துக் குடும்பத்தின் உறவினர். உருவம் முற்றிலும் வேறு, மணம் மட்டும் அண்மித்தது. அவற்றில் ஒன்றான மஸ்க் அம்பிரெட்டை ஐரோப்பா அழகுசாதனங்களில் தடைசெய்துவிட்டது. ஆகவே கேட்கவேண்டியது இயற்கையா செயற்கையா என்பதல்ல, எந்த மூலக்கூறு என்பதே. கஸ்தூரி மஞ்சளிலும் கஸ்தூரி இல்லை, பெயர் மட்டும்தான்.

காட்டுக் கஸ்தூரி என்று நாட்டு மருந்துக் கடையில் விற்கும் வெண்டை இன விதையில் கஸ்தூரி மணத்தின் வளையம் இருக்கிறது, வேறொரு வடிவில். 16 காபனும் ஓர் ஒட்சிசனும் சேர்ந்த 17 உறுப்பு வளையம், அம்பிரெற்றோலைட்டு. 1927இல் கேர்ஷ்பாம் பிரித்தெடுத்தார். பூனையும் மானும் இல்லாமல், ஒரு செடி அந்த மணத்தைத் தருகிறது. கொட்டிலின் வேலியோரம் மூன்று விதை ஊன்றியிருக்கிறேன். மஞ்சள் பூ விட்டுவிட்டது, காய் இன்னும் பச்சை. அந்த முன்வரிசைப் பிள்ளை வகுப்புக்கு வரும்போதெல்லாம் காயைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறாள்.